லக்கேஜ் டிக்கெட்

மந்தம் என்று முதலில் சொன்னது நம்பிராஜன்.
கனடாவில் மந்தமாம். அதனால் நமக்கும்.
எங்களுக்குத் தெரிந்த மந்தம் வயிற்றில் வருவது,
ஓமத்தண்ணி குடித்தால் போகும்.
"தின்னது அவன், மந்தம் நமக்கா வே"
என்றான் உச்சிமாகாளி.
யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குத் தேதி பதினெட்டு,
சம்பளம் ஒன்றாம் தேதிக்கு உள்ளது.

வண்ணார்பேட்டையில் டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
பதினேழு பேர், ஒரு கரடிக்குட்டி.
அது கையைத் தூக்குவதும் இறக்குவதும்
வேறு ஊரில் வரைந்து வரும்.
நடுவில் உள்ளதெல்லாம் நாங்கள்.
இருபத்துநாலு படம் சேர்ந்தால் ஒரு நொடி.
படத்துக்கு இருபத்திரண்டு ரூபாய் இருந்தது,
சித்திரையில் பதினாலு.
திருப்பி அனுப்பினால் மறுபடி வரைய வேண்டும்,
அதற்குக் காசு கிடையாது.

அந்தக் கதையில் ஓர் ஆறு வரும்.
ரஹ்மத் நிஷா மூன்று நாள் வரைந்தாள்.
திரும்பி வந்தது:
தண்ணீர், தண்ணீர் மாதிரி இல்லை.
அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.
கொக்கிரகுளம் பாலத்துக்குக் கீழே
அமலைச்செடி, சோப்பு நுரை, ஒற்றைச் செருப்பு,
இடையில் கொஞ்சம் ஆறு.
"இத அனுப்புனாலும் ரிட்டன்தாம்ட்டி வரும்" என்றாள்.
வந்து உட்கார்ந்து
முதல் அலையிலிருந்து ஆரம்பித்தாள்.

வைகாசியில் ஏசியை நிறுத்தினார்கள்.
சர்வர் அறையில் மட்டும் ஓடும்,
மெஷினுக்குச் சூடு ஆகாது.
மதியச் சோற்றை அங்கே கொண்டுபோய்த் தின்றோம்,
பச்சை விளக்குகள் மினுங்க, முழங்கால் இடிக்க,
அத்தனை பேருடைய புளிக்குழம்பு வாசமும் ஒன்றாக.
இங்கே உணவு அருந்தக் கூடாது என்று
ஜெபசிங் சார் தாள் ஒட்டினார்.
மறுநாள் அதன் அடியில் ஒரு கரடி,
கையில் தூக்குச்சட்டி.
ஒரே இழுப்பில் போட்ட கோடு.
கோட்டைப் பார்த்தாலே ஆள் தெரியும் எங்களுக்கு.
சார் கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை.

சாரைச் சொல்லிக் குற்றமில்லை என்று
வீட்டில் நானே சொல்லியிருக்கிறேன்.
புல்லட்டை விற்றுவிட்டு
ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிறார்.
ஆவணியில் சரியாகும் என்றார்.
எந்த வருஷத்து ஆவணி என்று கேட்கப்
பொன்செல்விக்கு மட்டும் வாய் இருந்தது.
ராத்திரி பதினொன்றே காலுக்கு
வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை எடுத்தார்கள்.
பிறகு இரண்டு பேர். பிறகு ஆறு.
படத்திலிருந்து கம்பியை அழிக்கிற மாதிரி,
அங்கே எதுவும் தொங்கவே இல்லை என்பது போல.

கரடி நாற்பத்தோராம் படத்தில் நின்றது.
கை காதுக்கு நேராக வந்திருந்தது.
எனக்கு மூன்று மாதம் பாக்கி, முப்பத்தோராயிரம்.
அதற்குப் பதில் மானிட்டர் ஒன்று.
சிபியு பேங்குக்காரனுக்கு,
நாற்காலி வாடகைக்கு எடுத்தது.
பாக்கி எதுவும் இல்லை என்று டைப் அடித்த தாளில்
கையெழுத்துப் போட்டேன்.
இசக்கியம்மாள் என்று முழுசாக.
அந்தப் பேர் அவர்களுடைய ஒரு படத்திலும் ஓடியதில்லை.

பழைய பெட்ஷீட்டில் சுற்றி
முன்னீர்பள்ளம் பஸ்ஸில் ஏறினேன்.
ஆனிக் காற்றில் துணி விலகி விலகி
கறுப்புக் கண்ணாடியில்
பஸ்ஸில் நிற்கிறவர்களின் இடுப்புகள் தெரிந்தன.
"டிவியாம்மா?"
இல்லை.
"படம் வருமா?"
தனியா வராது.
கண்டக்டர் கொஞ்ச நேரம் யோசித்தார்.
"பொம்பளையளுக்கு ஃப்ரீ.
இதுக்கு லக்கேஜ் போடணும். பத்து ரூவா."

சில்லறையைப் பல்லால் கடித்து எடுத்துக் கொடுத்தேன்.
ஒரு கை மானிட்டரில்,
ஒரு கை மேல்கம்பியில்.
மேலப்பாளையத்தில் கூட்டம் இன்னும் ஏறியது.
டிக்கெட்டை வாங்கக் கையில்லை.
அவரே பெட்ஷீட் முடிச்சில் செருகிவிட்டுப்
பின்னால் போனார்.